துளியை எண்ணும் யந்திரம்

சென்ற வருஷம் ஐப்பசி மாதத்து அடைமழையில் ஓர் இரவு, என் தமக்கையாரை ஆம்புலன்ஸ் வண்டியில் கிடத்திக்கொண்டு அறுபது கிலோமீட்டர் தூரம் பிரயாணம் செய்ய நேர்ந்தது. மூன்று நாள் ஜுரத்தில் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. இரத்த அழுத்தம் நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்ச் சிறு ஆஸ்பத்திரியின் டாக்டர், "வாத்தியார் ஸார், இனி அம்மாளை இங்கே வைத்திருப்பது உசிதமல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்று சொல்லி, ஒரு பாட்டில் மருந்து நீரை ஏற்றிவிட்டு, கூடவே ஒரு நர்ஸையும் அனுப்பி வைத்தார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுக்கு மேல் இராது. வழி நெடுகத் தன் கைக்கடிகாரத்தையும், பாட்டிலுக்குக் கீழே சொட்டும் துளிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் பாட்டில் ஊஞ்சலாடும். துளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டும். அல்லது அடியோடு நின்றுவிடும். அவள் குழாயிலுள்ள சிறு சக்கரத்தை மயிரிழை திருப்புவாள். மறுபடியும் எண்ணத் தொடங்குவாள். "ஏதாவது அபாயமா, அம்மா?" என்று கேட்டேன். "கொஞ்சம் பேசாமல் இருங்கள், ஸார். எண்ணிக்கை தவறிவிடும்" என்றாள். இருபது வருஷமாக வகுப்பில் பிள்ளைகளைப் பேசாதே என்று அடக்கி வந்த நான், அன்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியை அடைந்ததும் அங்கிருந்த நர்ஸ்கள் அந்தப் பாட்டிலை அகற்றினார்கள். கட்டிலருகே ஓர் இரும்புக் கம்பத்தில், பஞ்சாங்கப் புஸ்தகத்தின் நீள அகலமுள்ள ஒரு பெட்டியை மாட்டி, அதில் பருத்த ஊசிக்குழல் ஒன்றைப் படுக்கவைத்தார்கள். பெட்டியின் முகத்தில் சில எண்கள் ஒளிர்ந்தன. அவ்வளவுதான். விடியற்காலைக்குள் தமக்கையாரின் இரத்த அழுத்தம் ஸ்திரப்பட்டுவிட்டது. அந்தப் பெட்டிக்கு 'இன்பியூஷன் பம்பு' என்று பெயர். அதில் ஊசிக்குழல் வைக்கும் ஜாதிக்கு 'சிரிஞ்சு பம்பு' என்று பெயர்.

பிறகு ஒரு நாள் எங்கள் ஊர் டாக்டரைச் சந்தித்தபோது, இத்தகைய பெட்டி ஒன்று நம் ஊர் ஆஸ்பத்திரியில் இருக்கலாகாதா என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "இருக்கிறது, ஸார். அலமாரியில் பூட்டியிருக்கிறது. பாட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது" என்றார்.

அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உலகெங்கும் இந்தப் பம்புகளுக்கு வரவரக் கிராக்கி அதிகமாகி வருகிறது. அதன் காரணம் என்ன, அது என்ன செய்கிறது, அதில் என்ன அபாயம், நம் தேசத்தில் அதன் நிலைமை என்ன என்பவற்றைக் குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்வது அவசியம். ஏனெனில், இன்றில்லாவிட்டால் என்றாவது ஒரு நாள், நமக்கு வேண்டியவர் எவரேனும் அந்தப் பெட்டியின் அருகில் படுத்திருக்க நேரலாம்.

காலராவில் பிறந்த வைத்தியம்

இரத்தம் சரீரத்தில் சுற்றி வருகிறது என்பதை இங்கிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628-ல் நூலாக எழுதி ஸ்தாபித்தார். சுற்றி வருவது உண்மையானால், ஓரிடத்தில் செலுத்திய மருந்து சரீரம் முழுவதும் பரவவேண்டும் அல்லவா? பிற்காலத்தில் லண்டன் நகரின் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிப் பெயர்பெற்ற கிறிஸ்டபர் ரென், 1656-ல் ஒரு பறவை இறகின் தண்டை ஊசியாகவும், மிருகத்தின் நீர்ப்பையைப் புட்டியாகவும் கொண்டு, ஒரு நாயின் இரத்தக் குழாயில் மருந்தைச் செலுத்திப் பரீக்ஷித்தார். இக்காலத்து ஆஸ்பத்திரிப் பாட்டிலுக்கும் குழாய்க்கும் அதுவே மூதாதை.

மனிதருக்கு இந்த முறை உயிர்காக்கும் வைத்தியமாக வாய்த்தது காலராவினால். 1831-ல் காலரா இங்கிலாந்தில் பரவியபோது, வில்லியம் புரூக் ஓஷானஸி என்ற இளம் வைத்தியர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதில் நீரும் உப்பும் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சை என்பது அவர் முடிவு. இந்த ஓஷானஸி 1833-ல் கல்கத்தாவுக்கு வந்து வைத்தியக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். பின்னர் இந்தியாவில் தந்திக் கம்பி போட்டவரும் இவரே.

ஓஷானஸியின் யோசனையை முதலில் காரியத்தில் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்தில் லீத் என்ற துறைமுகத்தில் இருந்த தாமஸ் லாட்டா. 1832-ல் சாகும் தறுவாயிலிருந்த ஒரு மூதாட்டியின் நரம்பில் உப்பு நீரை ஏற்றினார். ஆறு பைன்ட் ஏறியதும், குழிந்த கண்கள் ஒளிபெற்றன. நின்றிருந்த நாடி துடித்தது. அம்மாள் பேசத் தொடங்கினாள். லாட்டா வெகுவாகக் களைத்திருந்தபடியால், அங்கிருந்த வேறொரு வைத்தியரிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். பேதி மறுபடியும் கண்டது. உப்பு நீரை மறுபடியும் ஏற்றுவார் இல்லை. ஐந்தரை மணி நேரத்தில் அம்மாள் மாண்டுபோனாள்.

நரம்பில் மருந்து ஏற்றுவதன் முதற்பாடம் இதுதான். ஒரு தரம் கொடுத்துவிட்டால் போதாது. தேவையான அளவு, தேவையான வேகத்தில், தேவையான நேரம்வரை, இடைவிடாமல் சென்றுகொண்டிருக்க வேண்டும். இதற்கு ஓர் ஆள் கண்கொட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். மனிதர் களைத்துப் போவார்கள். களைக்காத காவலாள் ஒருவனைத் தேடியதன் பயனே இந்த யந்திரம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

தொங்கும் பாட்டிலிலிருந்து நீர் இறங்குவது பூமியின் ஆகர்ஷணத்தால். சாதாரணக் குழாயில் இருபது துளி சேர்ந்தால் ஒரு மில்லி லிட்டர். ஒரு லிட்டர் நீரை எட்டு மணி நேரத்தில் ஏற்றவேண்டுமானால், மணிக்கு 125 மில்லி. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 துளி. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து இப்படி எண்ணித்தான் சக்கரத்தைத் திருகிவைப்பாள். ஆனால் நோயாளி கையை மடக்கினாலும், புரண்டு படுத்தாலும், பாட்டிலில் நீர்மட்டம் தாழ்ந்தாலும் வேகம் மாறிவிடும். வெறும் உப்பு நீரானால் இந்த வித்தியாசத்தால் பெரும்பாலும் பாதகமில்லை.

இரத்த அழுத்தத்தை நிலைநிறுத்தும் நார்அட்ரினலின் போன்ற மருந்தோ வேறு விதம். அது சரீரத்தில் சென்ற இரண்டொரு நிமிஷத்துக்குள் சக்தி இழந்துவிடும். ஆகவே, வரவு நின்றால் அழுத்தம் உடனே சரியும். வரவு மிகுந்தால் அபாயகரமாக ஏறும். இதைத்தான் ஆம்புலன்ஸில் அந்தப் பெண் துளித்துளியாக எண்ணிக்கொண்டு வந்தாள்.

சிரிஞ்சு பம்பின் சூட்சுமம் மிக எளிது. உள்ளே நீண்ட திருகாணி ஒன்று இருக்கிறது. சிறு மின்சார மோட்டார் அதைப் படிப்படியாகச் சுழற்றுகிறது. திருகாணி நகர நகர, அதனோடு இணைந்த தண்டு ஊசிக்குழலின் பிஸ்டனைத் தள்ளுகிறது. மணிக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு என்ற அற்ப வேகத்திலும் அது தள்ளவல்லது. கண்ணுக்கு அது நகர்வதே தெரியாது.

பெரிய பாட்டில்களுக்கென்று இன்னொரு வகை உண்டு. அதில் ஊசிக்குழல் இல்லை. பாட்டிலிலிருந்து வரும் மெல்லிய குழாயைப் பெட்டியின் வழியே செலுத்துவார்கள். உள்ளே விரல்போன்ற தகடுகள் வரிசையாக நின்று, ஒன்றன்பின் ஒன்றாகக் குழாயை அழுத்தி நீரை முன்னே தள்ளும். நாம் உண்ட அன்னத்தைக் குடல் தள்ளிச் செல்வதும் இவ்விதமே.

மின்சாரமே வேண்டாத மூன்றாவது வகையும் இருக்கிறது. மருந்து நிரப்பிய ரப்பர்ப் பந்து தானே சுருங்கி, நுண்ணிய துவாரத்தின் வழியே மருந்தை வெளியேற்றும். புற்றுநோயாளிகள் சிலர் 46 மணி நேரம் ஏறவேண்டிய மருந்தை இத்தகைய பந்தில் இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுகிறார்கள்.

இவை தள்ளுவதோடு நிற்பதில்லை. குழாயில் காற்றுக் குமிழி வந்தாலும், எங்கேனும் அடைப்பு ஏற்பட்டாலும், மருந்து தீரப் போனாலும், பாட்டரி குறைந்தாலும் கூவி அறிவிக்கும்.

ஏன் இத்தனை கிராக்கி?

முதற் காரணம், வைத்தியம் முன்னேறியதே. முற்காலத்தில் பிழைக்க வழியில்லை என்று கைவிடப்பட்டவர்கள் இன்று பிழைக்கிறார்கள். ஒரு கிலோ எடையில் பிறக்கும் குறைமாதக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதன் சரீரத்திலுள்ள இரத்தம் முழுவதும் ஏறக்குறைய 80 அல்லது 90 மில்லி. ஒரு சிறிய காப்பித் தம்ளருக்குள் அடங்கிவிடும். அந்தச் சிசுவுக்குப் பாட்டிலைத் தொங்கவிட்டுத் துளி எண்ணுவது எப்படி? பத்து மில்லி கூடுதலாகச் சென்றாலே ஆபத்து. சிரிஞ்சு பம்பு இல்லாமல் குறைமாதக் குழந்தைகளின் வார்டு நடத்த முடியாது.

இரண்டாவது, நீண்ட நாள் நோய்கள் பெருகியிருப்பது. புற்றுநோய்க்குரிய மருந்துகள் பல, மணிக்கணக்கில் அளவாக ஏறவேண்டியவை. நீரிழிவு சம்பந்தமாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நம் தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வியாதி இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. இவர்களில் மிகச் சிலருக்கே இன்ஸுலின் பம்பு அவசியம். எனினும், சிறு வயதிலேயே இன்ஸுலினை நம்பி வாழ நேர்ந்த குழந்தைகளுக்கு, இடுப்பில் தரிக்கும் அந்தச் சிறு யந்திரம் பெரிய ஆறுதல்.

மூன்றாவது, வலியைத் தணிக்கும் வைத்தியம் வளர்ந்திருப்பது. ஆபரேஷன் ஆன நோயாளியின் கையிலேயே ஒரு பொத்தானைக் கொடுத்துவிடுகிறார்கள். வலி எடுத்தால் அவரே அழுத்தலாம். பெட்டி ஒரு சிறு அளவு மருந்தைக் கொடுக்கும். குறிப்பிட்ட நிமிஷங்கள் கழியும் முன் எத்தனை முறை அழுத்தினாலும் கொடுக்காது.

நான்காவதாக, 2020-ல் பரவிய கோவிட் தொற்று. மூச்சுக் கருவி பொருத்தப்பட்ட ஒவ்வொரு நோயாளிக்கும் மயக்கமருந்து, வலிமருந்து, அழுத்தத்துக்குரிய மருந்து என்று பல பம்புகள் ஒருங்கே தேவைப்பட்டன. அமெரிக்காவில் சில ஆஸ்பத்திரிகளில் குழாயை நீட்டி, பம்புகளை அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தி, நர்ஸ்கள் உள்ளே போகாமலே மருந்தின் வேகத்தை மாற்றினார்கள். மூச்சுக் கருவியைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிய அளவுக்கு இந்தப் பெட்டியைப் பற்றி எழுதவில்லை. ஆனால் ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

இருபத்துநாலால் வகுக்க மறந்த கணக்கு

யந்திரம் களைக்காது, ஆனால் யோசிக்கவும் செய்யாது. இட்ட கட்டளையைப் பிசகின்றி நிறைவேற்றும். கட்டளையே பிசகாயிருந்தால் அதையும் பிசகின்றி நிறைவேற்றும்.

கானடா தேசத்து எட்மன்டன் நகரில் 2006-ல் நடந்த சம்பவம் இது. நாற்பத்துமூன்று வயதுப் பெண்மணி ஒருவருக்குப் புற்றுநோய் மருந்தை நான்கு நாட்களில் ஏற்றவேண்டும். நாள் ஒன்றுக்கு 28.8 மில்லி. பம்புக்கோ மணிக் கணக்கில் சொல்லவேண்டும். 28.8-ஐ இருபத்துநாலால் வகுத்தால் மணிக்கு 1.2 மில்லி. அந்த வகுத்தல் விட்டுப் போய்விட்டது. நாளுக்குரிய 28.8 என்ற எண்ணே மணிக்குரியதாகப் பம்பில் பதிவாயிற்று. இரண்டாவது நர்ஸ் ஒருவரும் கணக்கைச் சரிபார்த்தார். அவர் கண்ணுக்கும் தவறு படவில்லை. மருந்தின் சீட்டில் 28.8 என்ற எண்ணும் அச்சாகியிருந்தபடியால், அதைப் பார்த்துச் சந்தேகம் தெளிந்துவிட்டார்கள். நான்கு நாளில் ஏறவேண்டிய மருந்து நான்கு மணி நேரத்தில் ஏறித் தீர்ந்தது. அந்தப் பெண்மணி மூன்று வாரங்களுக்குப் பின் உயிர் துறந்தார்.

கணக்கு வாத்தியாராகிய எனக்கு இதைப் படித்தபோது கை நடுங்கிற்று. அலகு போடாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்தால், "இதற்கெல்லாமா ஸார்?" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நாளை ஒரு நர்ஸாகலாம். 'நாளுக்கு' என்பதற்கும் 'மணிக்கு' என்பதற்கும் உள்ள தூரம், ஒரு தாயின் உயிர்.

அமெரிக்க சர்க்காரின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு 2005 முதல் 2009 வரையிலான ஐந்து வருஷங்களில் இந்தப் பம்புகள் சம்பந்தமாக வந்த புகார்கள் ஏறக்குறைய 56,000. அதே காலத்தில் கம்பெனிகள் 87 முறை தம் பம்புகளைத் திரும்பப் பெறவோ திருத்தவோ நேர்ந்தது. எல்லாம் நர்ஸ்களின் தவறல்ல. சில பெட்டிகளில் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இரு முறை பதிவாகும். பத்து என்பது நூறு ஆகிவிடும். இதன்மேல் 2010-ல் அந்த நிர்வாகம் கடுமையான புதிய விதிகளை யோசித்தது. இன்று நல்ல பம்புகளில் ஒவ்வொரு மருந்துக்கும் உச்ச வரம்பு முன்னதாகவே பதிந்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட எண்ணைத் தட்டினால், பெட்டி ஏற்க மறுத்து எச்சரிக்கும். இவற்றைப் 'புத்தியுள்ள பம்புகள்' என்கிறார்கள். புத்தி பம்பினுடையது அல்ல. அந்த வரம்புகளை உட்கார்ந்து நிர்ணயித்த மருந்தாளருடையதும் வைத்தியருடையதும் ஆகும்.

நம் தேசத்தில்

இந்தியாவில் உபயோகமாகும் வைத்தியக் கருவிகளில் பெரும்பகுதி இன்னும் அந்நிய தேசங்களிலிருந்தே வருகிறது. இந்த நிலைமையை மாற்றுவதற்காக மத்திய சர்க்கார் 2020-ல் உள்நாட்டு உற்பத்திக்கு ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை ஏற்படுத்திற்று. 2023-ல் வைத்தியக் கருவிகளுக்கென்றே தேசியக் கொள்கை ஒன்றும் வெளியாயிற்று. விசாகப்பட்டினத்தில் இதற்கெனத் தனித் தொழிற்பேட்டை அமைந்திருக்கிறது. சென்னை உட்படச் சில நகரங்களில் நம்மவரே சிரிஞ்சு பம்புகளைத் தயாரித்து விற்கிறார்கள்.

நம்மால் முடியுமா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு திருஷ்டாந்தம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில், டாக்டர் வலியத்தானின் தலைமையில் பல வருஷம் பாடுபட்டு இருதய வால்வு ஒன்றைச் செய்தார்கள். முதலில் செய்த மாதிரிகள் தோல்வியுற்றன. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வால்வைச் செய்த தேசத்துக்குத் திருகாணியும் மோட்டாரும் அப்பாற்பட்டவை அல்ல.

ஆனால் வாங்குவதும் செய்வதும் பாதிக் காரியமே. 2015-ல் தேசியச் சுகாதார இயக்கத்தின் சார்பில் பொது ஆஸ்பத்திரிகளின் கருவிகளைக் கணக்கெடுத்தபோது, மாகாணத்துக்கு மாகாணம் நூற்றுக்கு 13 முதல் 34 வரை பழுதாகிக் கிடந்தன என்று தெரியவந்தது. அதன்மேல்தான் பராமரிப்புக்கென்று தனித் திட்டம் ஏற்பட்டது. எங்கள் ஊர் அலமாரிப் பெட்டி அந்தக் கணக்கில் ஒன்று போலும்! பம்பு வாங்கும்போதே பாட்டரிக்கும், உதிரிச் சாமான்களுக்கும், பழுது பார்ப்பவருக்கும், நர்ஸ்களின் பயிற்சிக்கும் வழி செய்துகொள்ள வேண்டும். சில பம்புகளுக்கு அதே கம்பெனியின் குழாயைத்தான் பொருத்தலாம். பம்பை வாங்குவது ஒரு முறை. குழாய் வாங்குவதோ நாள்தோறும். விலையை விசாரிப்பவர்கள் இதையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

எல்லாருக்கும் எல்லா வேளையிலும் யந்திரமே வேண்டும் என்பதும் தவறு. 1971-ல் வங்காள யுத்தத்தின்போது, போன்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. ஏற்றுவதற்கு உப்பு நீர்ப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது வீதம் நிகழ்ந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. ஓஷானஸி காலராவில் கண்ட உண்மையையே அவர் ஊசியின்றி, குழாயின்றிச் சாதித்தார்.

வீட்டார் கவனிக்கவேண்டியவை

நம்மவரிடையே ஒரு பழக்கம் இருக்கிறது. சற்று அசதியாயிருந்தால், "ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றிவிடுங்கள், டாக்டர்" என்று நாமே கேட்கிறோம். அரை லிட்டர் குளுகோஸ் பாட்டிலில் உள்ள சர்க்கரை சாதாரணமாக 25 கிராம். அதிலுள்ள சக்தி ஏறக்குறைய இரண்டு இட்லியில் கிடைத்துவிடும். வாயால் உண்ணக் கூடியவர் இட்லியைத் தின்பதே மேல். நரம்பில் ஊசி குத்திக் கிருமிக்கு வழி திறந்துவிட வேண்டியதில்லை.

மெய்யாகவே பம்பு பொருத்திய நோயாளியின் பக்கத்தில் இருக்க நேர்ந்தால், சில விஷயங்களை மறக்கலாகாது. பெட்டி கூவினால் நர்ஸை அழைக்கவேண்டும்; சத்தம் தொந்தரவாயிருக்கிறதென்று நாமே பொத்தானை அமுக்கலாகாது. மருந்து தீருமுன் மாற்று ஊசிக்குழலை ஆயத்தம் செய்ய நர்ஸுக்கு அவகாசம் வேண்டும். சுவரிலுள்ள மின்சார இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கைபேசிக்கு மின்சாரம் ஏற்றுகிறவர்களை நான் கண்ணாரக் கண்டேன். அவ்விதம் செய்வது, ஏறிக்கொண்டிருப்பவனின் ஏணியை எடுப்பதற்கு ஒப்பாகும். பிடுங்கின வேளையில் பாட்டரியில் பெட்டி ஓடும்; அதுவும் தீர்ந்தால் நின்றுவிடும். நோயாளியை வேறிடத்துக்குக் கொண்டுபோகும்போது, "பம்பின் பாட்டரி தாங்குமா?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. நல்ல நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டுச் சந்தோஷப்படுவாள்.

என் தமக்கையார் கார்த்திகைத் தீபத்துக்கு முன்பாக வீடு திரும்பிவிட்டார். "என்னவோ பெட்டியாமே, தம்பி, அதுதான் என்னைப் பிழைக்கவைத்தது என்கிறாயே? அந்தப் பெண்ணை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு" என்றார். அந்தப் பெண் என்று அவர் சொன்னது ஆம்புலன்ஸில் துளி எண்ணி வந்த நர்ஸை. பொங்கலுக்கு மறுநாள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அவளிடமிருந்துதான் விவரம் தெரிந்துகொண்டு, எங்கள் ஊரில் நாலு பேர் சேர்ந்து ஆஸ்பத்திரிக் காரியதரிசியிடம் போனோம். பாட்டரியின் விலையை விசாரித்தோம். அன்றிரவு நாங்கள் ஆம்புலன்ஸுக்குக் கொடுத்த வாடகையைவிட அது குறைவு. இப்போது அந்தப் பெட்டி அலமாரியில் இல்லை. வார்டின் சுவரோரம், மின்சார இணைப்பில், பச்சை விளக்கு எரிய நிற்கிறது. வாரத்துக்கு ஒரு முறை அதை ஓட்டிப் பார்த்து ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் கையெழுத்திட வேண்டும் என்று டாக்டர் ஏற்பாடு செய்திருக்கிறார். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் அப்படி ஓர் அலமாரி இருக்கக்கூடும். ஒரு நாள் போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.